ஏழாம் எண் டெஸ்டர்

வில்லைக்காரரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் அவர் மனைவிக்கு எழுத நேரமில்லை. வார்டர்களுக்கு மனமில்லை. அவரோ தன்னைப் பற்றிச் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாதவர். மிச்சம் இருப்பது நான். சிறைக்குள் மோட்டார் வைண்டிங் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். உள்ளே எல்லோருக்கும் சார்; வீட்டில் ஒரு பல்பு மாற்றப் பத்து நாள் எடுத்துக்கொள்கிற ஆள்.

எங்கள் தொழிற்கூடம் சிறையின் பின்மூலையில் இருக்கிறது. வெளிவாசலிலிருந்து அங்கே போக ஐந்து கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒரு கதவைப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்த அரை நிமிடத்தில் செய்யாத குற்றம்கூட நினைவுக்கு வந்துவிடும். வருடக்கணக்காகத் தினமும் போய் வந்தும் எனக்கு அது பழகவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

உள்ளே தகரக் கூரை, இரண்டு நீள மேசைகள், காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றும் இயந்திரங்கள் நான்கு, மூலையில் வார்னிஷ் காயவைக்கும் அடுப்பு. வருடத்துக்குப் பன்னிரண்டு கைதிகளைச் சேர்ப்பார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கணக்கில் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி உட்காரவைக்க வேண்டும். வருடக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் கொடுக்கிற மோட்டாரை ஓடவைத்துக் காட்டினால் சான்றிதழ். விடுதலையாகிறவனுக்கு அந்தக் காகிதம்தான் வெளியில் முதல் துணை.

தொழிற்கூடத்துக்குள்ளேயே கம்பி வலை போட்டுத் தடுத்த ஒரு சின்ன அறை உண்டு. அதுதான் கருவி அறை. சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் மஞ்சள் பெயிண்டில் வரைந்து, அதன்மேல் ஆணி அடித்து, கருவியை மாட்டியிருக்கும். எடுத்தால் மஞ்சள் உருவம் தெரியும். மொத்தம் அறுபத்துநாலு கருவிகள். கைதி ஒவ்வொருவரிடமும் தன் எண் குத்திய தகர வில்லைகள் இருக்கும். கருவி வேண்டுமென்றால் ஒரு வில்லையைக் கொடுக்க வேண்டும். கருவி இருந்த ஆணியில் வில்லை தொங்கும். திருப்பித் தந்தால் வில்லை திரும்பக் கிடைக்கும்.

அந்த அறைக்குள் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவர்தான் வில்லைக்காரர். அவரும் கைதிதான். எனக்கு முன்பிருந்த வாத்தியாரிடம் வேலை கற்று, சான்றிதழ் வாங்கி, அங்கேயே கருவிகளுக்குப் பொறுப்பாகிவிட்டவர். ஐம்பது வயது. ஒல்லி உடம்பு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதைச் செம்புக் கம்பியால் கட்டியிருப்பார். கட்டு அவ்வளவு நேர்த்தியாக இருக்கும், வாங்கும்போதே அப்படி இருந்தது என்று நினைக்கத் தோன்றும்.

மூன்றரை மணிக்கு வகுப்பு முடியும். அவர் எண்ண ஆரம்பிப்பார். முதலில் வரிசை வரிசையாக. பிறகு கீழிருந்து மேலாக. அப்புறம் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, எங்காவது மஞ்சள் தெரிகிறதா என்று மொத்தமாக ஒரு பார்வை. அதன் பிறகு "சரி" என்பார். அந்தச் "சரி" கேட்டால்தான் வார்டர் தொழிற்கூடக் கதவில் சாவியைப் போடுவார். நான் உட்பட ஒருவரும் அதற்கு முன் வெளியே போகக் கூடாது. சட்டம் அப்படி.

"நம்ம பல்லையும் எண்ணித்தான் வெளிய விடுவாரு" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். பையன்கள் என்றால் நாற்பது வயதுப் பையன்கள்.

"ஒனக்குப் பல்லு இருபத்தேழுதான். ஆரம்பத்துலயே குறைச்சலாத்தான் வந்த" என்பார் அவர், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் எப்படி உள்ளே வந்தார் என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஒரு மழை நாள், மின்சாரம் இல்லை, வேலை ஓடவில்லை. முன்பு ஒரு குடிநீர்த் தொட்டியில் பம்ப் ஓட்டுகிற வேலை பார்த்தாராம். தங்கையின் கணவன் குடித்துவிட்டு அவளை அடிக்கிறவன். ஒருநாள் தலையில் காயத்தோடு பம்ப் அறைக்கு ஓடிவந்திருக்கிறாள். பின்னாலேயே அவனும் வந்திருக்கிறான். வாய்ச்சண்டை. இவர் கையில் ஸ்பானர் இருந்தது. ஒரே அடி.

"எப்பவும் வால்வைத் தொறந்ததும் ஸ்பானரைச் செவுத்துல மாட்டிருவேன் சார். அன்னிக்கு மாட்டல. அப்புறம் மாட்டிக்கலாம்னு மேஜை மேல வச்சேன். அது அதோட எடத்துல இருந்திருந்தா, எடுக்க நாலு அடி நடக்கணும். நாலு அடிக்குள்ள எனக்குப் புத்தி வந்திருக்கும்."

மின்சாரம் வந்தது; அவர் பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். 

ஆயுள் தண்டனை. பன்னிரண்டு வருடம் கழிந்து, நடத்தை நன்றாக இருந்து, வெளியில் ஒரு பிழைப்பும் உறுதியாக இருந்தால், விடுதலைக் குழு முன்கூட்டியே அனுப்பலாம். அவர் கோப்பு குழுவுக்குப் போக வேண்டிய மாதம் வந்திருந்தது. அவர் மனைவி ஒரு பெரிய சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவர். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வருகிற இடம். அங்கே மேஸ்திரியிடம் நடையாய் நடந்து, மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கும் கடிதம் ஒன்றைக் கணவன் பெயருக்கு வாங்கியிருந்தார். அடுத்த மாதம் முதல் தேதி வரைக்கும்தான் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். குழு கூடுவது ஒரு வியாழக்கிழமை. எல்லாம் கையெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது.

இனி என் பங்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே வில்லைக்காரர் எனக்கும் வில்லை தர வந்தார். "சட்டப்படி உங்களுக்கும் உண்டு சார்." எனக்குச் சுருக்கென்றது. படித்துப் பட்டம் வாங்கி, கடைசியில் கைதிகளோடு வரிசையில் நின்று தகரம் கொடுத்து ஸ்க்ரூடிரைவர் வாங்குவதா? முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதில் ஒரு ஏற்பாடு செய்தார். நான் கருவி எடுத்தால் அந்த ஆணியில் ஒரு சின்னச் செம்புக் கம்பி வளையத்தை மாட்டிவிடுவார். அது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. என் கௌரவத்துக்காக ஒரு கைதி சட்டத்தை வளைத்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நானும் நாலு வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

குழு கூடுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நாலரை மணிக்கு எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. ஐந்து கதவு இல்லாத வேலை. அன்று காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. மூன்றே காலுக்கு ஒரு மோட்டாரைச் சோதிக்க, மின்சாரம் பார்க்கிற திருப்புளியான டெஸ்டரை வாங்கினேன். பார்த்து முடித்து, பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் பேனாவோடு சேர்த்துச் செருகிக்கொண்டேன். மின்வேலை செய்கிற எவன் பையைப் பார்த்தாலும் அங்கே ஒரு டெஸ்டர் இருக்கும். பேனாவுக்கும் அதற்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்று இருபத்தைந்துக்கே கிளம்பிவிட்டேன். வார்டரிடம் போய்க் கதவைத் திற என்றேன்.

கம்பி வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சார், ஒரு அஞ்சு நிமிஷம். இன்னும் எண்ணல."

"நீ அப்புறம் எண்ணிக்கோ. எனக்கு நேரமாச்சு."

"சட்டம் சார். டெஸ்டர் வரிசை மட்டும் பாத்துர்றேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஒன் வில்லையும் நீயும். என்னை நிறுத்தி வைக்க நான் என்ன கைதியாய்யா?" என்று கத்தினேன். நாலு வருடமாக நீங்க என்று கூப்பிட்ட ஆளை, பன்னிரண்டு பேர் பார்க்க நீ என்றேன். காயில் இயந்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டன. வார்டர் பயந்த சுபாவம். சட்டென்று கதவைத் திறந்துவிட்டார்.  நான் ஐந்து கதவும் தாண்டிப் போய்விட்டேன். வெளியே போகிற வாத்தியாரை யாரும் சோதிப்பதில்லை.

தேர்வு நன்றாகவே போனது. முதல் தேதியிலிருந்து வரலாம் என்றார்கள். சிறையிலிருந்து, எந்தக் குறையும் இல்லாமல் வேலை பார்த்தார் என்று ஒரு கடிதம் மட்டும் வாங்கி வரச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை சலவை இயந்திரத்துக்குள் லொடலொடவென்று சத்தம். மனைவி நிறுத்திப் பார்த்தாள். என் சட்டையிலிருந்து டெஸ்டரை எடுத்து என் முன்னால் ஆட்டினாள். "பையைப் பாக்காம துணியைப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மெஷின் போயிருந்தா யாரு பாக்கறது? நீங்களா பாக்கப்போறீங்க?"

கைப்பிடியில் சிவப்பு எனாமலில் ஏழு என்று எழுதியிருந்தது.  சிறையிலிருந்து கூர்மையான ஒரு கருவியை வெளியே கொண்டுவருவது விளையாட்டு இல்லை. வழக்கே போடலாம். வேலை போகும், தொழிற்சாலை கேட்ட கடிதமும் போகும். இதெல்லாம் எனக்கு உடனே தோன்றிவிட்டது. உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தோன்றியது. மனிதன் எவ்வளவு ஒழுங்காகத் தன்னிலிருந்தே ஆரம்பிக்கிறான் என்று பாருங்கள்.

உள்ளே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை அந்தச் "சரி" வரவில்லை. ஏழாம் ஆணியில் மஞ்சள். பன்னிரண்டு பேரையும் வில்லைக்காரரையும் உடை களைந்து சோதித்திருக்கிறார்கள். தொழிற்கூடத்துக்கு முத்திரை வைத்து, எல்லோரையும் இரண்டு நாள் அறைக்குள்ளேயே பூட்டிப் போட்டிருக்கிறார்கள். மெத்தைகளைக் கிழித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியிருக்கிறார்கள். எண்ணுவதற்கு முன் யாராவது வெளியே போனார்களா என்று ஜெயிலர் கேட்க, "இல்லைங்க, டெஸ்டர் வரிசையை இவரு எண்ணிப் பாத்தப்புறம்தான் வாத்தியாரு போனாரு" என்று வார்டர் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். வில்லைக்காரரைக் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "கருவிக்கு நான்தானுங்க பொறுப்பு."

திங்கட்கிழமை என்னையும் தேட வரச் சொன்னார்கள். டெஸ்டரைப் பழையபடி பேனாவோடு பையில் செருகிக்கொண்டு போனேன். வாசலில் இடுப்பைத் தடவினார்கள், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்கள், போ என்றார்கள். எப்படி வெளியே போனதோ அப்படியே உள்ளே வந்தது. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றபோது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது கதவில் உறுதியாக இருந்தேன். ஐந்தாவது கதவில் அந்த உறுதி என்னோடு வரவில்லை.

குனிந்து தேடுகிற பாவனையில் காயில் இயந்திரத்துக்கு அடியில் கையை விட்டேன். "இதோ, இங்க கெடக்கு" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

ஜெயிலருக்கு மகிழ்ச்சி. எண்ணைச் சரிபார்க்க வில்லைக்காரரைக் கூட்டிவந்தார்கள். இரண்டு நாளில் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. அவர் டெஸ்டரைக் கையில் வாங்கினார். அந்த இயந்திரத்துக்கு அடியில் வருடக்கணக்கான எண்ணெயும் தூசியும் வார்னிஷ் பிசுக்கும். அங்கே இரண்டு நாள் கிடந்ததாகச் சொல்லப்பட்ட டெஸ்டரோ பளபளவென்று இருந்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். ஜெயிலர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏழுதானுங்க" என்றார் உரக்க. பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "குளிச்சிருக்கு சார்" என்றார்.

டெஸ்டரை ஆணியில் மாட்டினார். பலகைக்குப் பின்னால் இருந்த இடுக்கிலிருந்து செம்புக் கம்பி வளையத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை சோதனைக்கு முன்னால் ஆணியிலிருந்து எடுத்து ஒளித்தது அது. அதை நேராக நிமிர்த்தி, கழிவுக் கம்பிப் பெட்டியில் போட்டார். என்னை ஒருமுறை பார்த்தார். கோபமான பார்வை இல்லை. எதற்கோ காத்திருக்கிற பார்வை. நான் இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கருவிப் பொறுப்பாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். அவரைக் கருவி அறையிலிருந்து எடுத்து, நடைபாதை கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். அறிக்கை அவருடைய கோப்பில் சேர்ந்தது.

புதன்கிழமை பார்வையாளர் நாள். வாசல் பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். சலவைச் சோடா பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சார், அவரு எதையும் தொலைக்கிற ஆளில்ல. எங்க வீட்டு ஊசி எந்த டப்பால இருக்குன்னு இன்னிக்கும் கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து சொல்றாரு. அதே டப்பாலதான் இருக்கு. இவங்க கவனமில்லாதவருன்னு எழுதியிருக்காங்களாமே."

நான் தலையைச் சொறிந்தேன்.

"மேஸ்திரி ஒண்ணாம் தேதிக்கு மேல காத்திருக்க மாட்டாரு சார். நாளைக்குக் குழுவுல நீங்களும் இருப்பீங்களாம். நீங்க ஒரு வார்த்தை நல்லதா சொன்னா போதும். பன்னண்டு வருஷம் பொறுத்துட்டேன். இதுக்கு மேல..."  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாக்கறேம்மா" என்றேன். நம் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கை கூப்பினார்.

வியாழக்கிழமை, கண்காணிப்பாளர் அறை. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். வில்லைக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் மூன்றடி. குழுவின் தலைவர் அம்மாள் கோப்பைப் புரட்டி, சலவைக்கூடக் கடிதத்தைப் படித்து, நல்லது என்றார். அடுத்த தாளுக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வாத்தியார், இவரை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"நாலு வருஷம். ரொம்பக் கருத்தானவர். வேலையில ஒரு குறை சொல்ல முடியாது."

"அப்புறம் எப்படி ஒரு கருவி ரெண்டு நாள் காணாம போச்சு?"

அறையில் மின்விசிறி மட்டும் ஓடியது. அதன் பேரிங் தேய்ந்திருந்தது. அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு கவனமாகக் கேட்டேன். வில்லைக்காரர் என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை பார்த்த அதே பார்வை.  என் சட்டைப்பையில் தொழிற்சாலை கேட்ட கடிதத்துக்கான விண்ணப்பம் மடித்து வைத்திருந்தேன். அது உடம்பில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தலைவர் அம்மாள் அவரைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்றார். ஒரு வருடம் கழித்து மறுபரிசீலனை என்று எழுதினார்கள். எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிடம்.

அன்று இரவு நான் எப்படித் தூங்கினேன் என்று சொல்லி உங்கள் இரக்கத்தைக் கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலை கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நல்ல மனிதர், களைத்த மனிதர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நேத்து சொல்லியிருந்தா நானே குழுகிட்டப் பேசியிருப்பேன். இப்போ தீர்மானம் கையெழுத்தாகிப் போயாச்சு. அடுத்த வருஷம்தான் திரும்ப எடுப்பாங்க. இதை நான் எழுதினா, உங்க மேல வழக்கு. அந்த வார்டர் மேல நடவடிக்கை. வாத்தியார் இல்லாம வகுப்பை மூடணும். அடுத்த வாரம் பரீட்சை, பன்னண்டு பேருக்கும் போச்சு. அவருக்கு இதுல ஒரு நாள்கூடக் குறையாது. சொல்லுங்க, எழுதட்டுமா?"

எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் பேனாவை மூடினார். "அவரைத் திரும்பக் கருவி அறையில போடறேன். என்னால ஆனது அதுதான்" என்றார்.

பரீட்சையில் பத்துப் பேர் தேறினார்கள். தேர்வாளர் போன பிறகு கம்பி வலைக்கு முன்னால் போய் நின்றேன். வில்லைக்காரர் கட்டிங் பிளேயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சொல்லலை?" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் இப்படித்தான் கேட்டேன், ஏதோ அவர் எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் மாதிரி.

"சொன்னா உங்களை உள்ள விடமாட்டாங்க. முந்தின வாத்தியார் போனப்ப ரெண்டு வருஷம் இந்தக் கதவு பூட்டியே கெடந்துச்சு சார். அதுவுமில்லாம, கைதி சொல்லுக்கு என்ன மதிப்பு? வார்டரும் மாத்திச் சொல்லிட்டாரு. வளையம் மாட்டினதும் என் தப்புதான். வில்லை மாட்டியிருக்கணும்."

பிளேயரை மாட்டினார். அடுத்ததை எடுத்தார்.

"ஆனா நீங்க சொன்னா எடுபடும். சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை பாத்தேன், திங்கக்கிழமை பாத்தேன், வியாழக்கிழமை அந்த ரூமுலயும் பாத்தேன். அப்புறம் பாக்கறதை விட்டுட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.  கையை வலைக்குள் நீட்டி, "எனக்கு ஒரு வில்லை குடுங்க" என்றேன். அவர் ஒரு தகரத் துண்டை வட்டமாக வெட்டி, ஓரத்தை அரம் போட்டு மழமழப்பாக்கி, பதின்மூன்று என்று குத்திக் கொடுத்தார். பன்னிரண்டு கைதிகளுக்கு அடுத்த எண்.

தொழிற்சாலைக்கு நான் போகவில்லை. தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போக முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வகுப்பு மூடிவிடக் கூடாது என்று ஒரு மனிதர் தன் ஒரு வருடத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நான் எந்த முகத்தோடு ராஜினாமா எழுதுவது? வீட்டில் பெரிய சண்டை. "கெடைச்ச வேலையை விட்டுட்டு அங்கயே போறீங்களே, உங்களுக்கும் ஆயுள் தண்டனை குடுத்திருக்காங்களா?" என்றாள் மனைவி. அவளிடமும் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

சலவைக்கூட மேஸ்திரி முதல் தேதியன்று வேறு ஆளை எடுத்துக்கொண்டார். வில்லைக்காரர் மனைவி அதற்கப்புறமும் ஒவ்வொரு பார்வையாளர் நாளும் வந்தார். ஆனால் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பெஞ்சில் இருந்தபடியே தலையை மட்டும் அசைப்பார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெஞ்சைத் தாண்டுவது ஐந்து கதவையும் தாண்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஒரு வருடம், அலுவலர் வேலைநிறுத்தத்தால் குழு கூடுவது தள்ளிப்போய், பதின்மூன்று மாதமாயிற்று. தினமும் காலையில் என் வில்லையைக் கொடுத்து டெஸ்டர் வாங்கினேன். தினமும் மூன்றரைக்குத் திருப்பிக் கொடுத்து வில்லையை வாங்கி, அவர் "சரி" சொல்லும் வரை பன்னிரண்டு பேரோடு பதின்மூன்றாவதாக வரிசையில் நின்றேன். நாங்கள் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. மோட்டாரைப் பற்றி, மழையைப் பற்றி, அவர் கண்ணாடியைப் பற்றிப் பேசினோம்.

அடுத்த குழுவில் யாரும் கேட்காமலே நான் எழுந்து, அந்த டெஸ்டர் தொலைந்தது என்னால் என்று சொன்னேன். பழைய தலைவர் அம்மாள் இடத்தில் வேறொருவர் இருந்தார். அந்தப் புதியவர், "பழைய விஷயம், இப்போ அவசியமில்லை" என்றார். வேலைக் கடிதம் எங்கே என்றுதான் கேட்டார். இல்லை. எப்படியோ அனுப்ப ஒப்புக்கொண்டார்கள்.

விடுதலை நாளில் நானும் வாசல்வரை கூட நடந்தேன். உள்ளே வந்தபோது போட்டிருந்த சட்டையையே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அது அவர்மேல் ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. கையில் ஒரு துணிப்பை, அதில் சான்றிதழ். ஒவ்வொரு கதவுக்கும் நடுவில் நாங்கள் நின்றோம். சொல்ல வேண்டியதை நாலாவது கதவில் சொன்னேன். "என்னை மன்னிச்சிருங்க." அவர் துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.  அடுத்த பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது, நடந்தோம்.

கடைசிக் கதவு. சின்னக் கண்ணாடித் துவாரம் வழியாக வெளியே அந்தப் பெஞ்சும், எழுந்து நிற்கிற அவர் மனைவியும் தெரிந்தார்கள். வார்டர் சாவியை எடுத்தார். வில்லைக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சார், பாக்கெட்டைப் பாத்தீங்களா?"

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பேனா மட்டும்தான் இருந்தது. அதை வெளியே எடுத்துக் காட்டினேன். அவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பைக்குள்ளும் ஒருமுறை பார்த்தார்.

"சரி" என்றார்.

வார்டர் கதவைத் திறந்தார். அவர் போனார். நான் ஒன்பது மணி வகுப்புக்குத் திரும்பி நடந்தேன்.